குறைந்த செலவில் நிறைந்த வேட்டை

கையைக் கடிக்காத செலவில் காட்டு விலங்கை வேட்டையாட வழி கேட்டு வருகிறவர்களிடம், துப்பாக்கி இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. ஒரே கேள்விதான். நீங்கள் யார்? அப்பா பெயர், தெரு, வந்த வண்டி எது, சிக்கலில் மாட்டினால் யாருக்குப் போன் போடுவீர்கள், போட்டால் அவர் எடுப்பாரா. இதைச் சொல்லிவிட்டால் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவேன். இந்த நாட்டில் வேட்டையின் செலவு வேட்டைக்காரனைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். உச்சியில் இருப்பவனுக்கு இலவசம். படி இறங்க இறங்க விலை ஏறும். அடிப்படியில் நிற்கிறவன் ஒரு முயலுக்கு வீட்டை விற்க வேண்டியிருக்கும்.

முதலில் இலவசப் பிரிவு. நீங்கள் வைஸ்ராயாகப் பிறந்திருந்தால் யோசனையே வேண்டாம். 1938 நவம்பர் 12 அன்று லின்லித்கோ பிரபுவும் அவர் கூட்டாளிகளும் பரத்பூரில் ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. இந்த எண்ணைக் கண்டுபிடிக்க யாரும் துப்புத் துலக்கவில்லை. அவர்களே கல்லில் வெட்டி நட்டு வைத்திருக்கிறார்கள். தேதி, விருந்தாளி, துப்பாக்கிகள், விழுந்த பறவைகள் என்று வரிசையாக. ராஜராஜன் தஞ்சையில் விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகளின் கணக்கைக் கல்லில் வெட்டினான். துரைமார்கள் செத்த வாத்துகளின் கணக்கை வெட்டினார்கள். அந்த இடம் இன்று கேவலாதேவ் தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரியச் சின்னம். டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் நீங்களும் படித்துவிட்டு வரலாம். ஆனால் அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு கண்ணி வைத்து ஒரு நீர்க்காகத்தைப் பிடித்துவிடாதீர்கள். உங்கள் பெயரையும் எழுதுவார்கள். கல்லில் எழுத மாட்டார்கள்.

மன்னராக இருந்தாலும் பாதகமில்லை. 1947இல் கோரியா சமஸ்தானத்து மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ஒரே இரவில் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். இந்தியக் காட்டில் கடைசியாகப் பதிவானவை அவைதான் என்பார்கள். 1952இல் சிவிங்கி இந்த மண்ணில் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. மன்னருக்கான செலவு சில தோட்டாக்கள். எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று, மூக்கில் புலி முகம் வரைந்த தனி விமானத்தில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் வந்து இறங்கின. பிரதமர் தம் பிறந்தநாளில் குனோ தேசியப் பூங்காவுக்குப் போய்க் கூண்டைத் திறந்துவிட்டார். ஒரு மன்னர் ஒரு ராத்திரி காரை எடுத்துக்கொண்டு சுற்றியதற்கான பில்லைத்தான் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டுகிறவளின் வரிப்பணமும் இருக்கிறது. அவள் சிவிங்கியைக் காலண்டரில்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

நம் ஊர் மலையும் குறைந்ததில்லை. நீலகிரியில் துரைமார்கள் வரையாட்டைச் சுட்டுத் தள்ளினார்கள். மலை காலியாகிக்கொண்டே வந்தது. அடுத்த சீசனுக்குச் சுட ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறதே என்ற பதற்றத்தில் 1877இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1879இல் அதற்கென்றே சட்டமும் வந்தது. இந்தப் பருவத்தில் சுடலாம், இந்தப் பருவத்தில் கூடாது, சுடுவதற்கு உரிமம், உரிமத்துக்குக் கட்டணம். பாதுகாப்பு என்ற நல்ல பெயரில் நடந்த முதல் வேலை, மலையிலேயே பிறந்தவனை வரிசையிலிருந்து வெளியே தள்ளியதுதான். துரைக்குக் கையில் உரிமம். குறும்பருக்குக் கையில் விலங்கு.

குடியரசு வந்தபின்னும் இலவசப் பிரிவு மூடப்படவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினார்கள். 1998 அக்டோபரில் ஜோத்பூர் பக்கம் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் இரண்டு வெளிமான்களைச் சுட்ட வழக்கில், நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரல் 5 அன்று விசாரணை நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கொடுத்தது. தீர்ப்பு வர இருபது ஆண்டு. தீர்ப்புக்குப் பின் உள்ளே இருந்தது இரண்டு இரவு. பிறகு ஜாமீன், மேல்முறையீடு, வழக்கம்போல். வக்கீல் ஃபீஸ் தாராளமாக ஆகியிருக்கும்தான். அதை வேட்டைச் செலவில் சேர்க்கக் கூடாது, அந்தஸ்துச் செலவில் எழுத வேண்டும். அந்த வழக்கு அந்த அளவுக்காவது நகர்ந்ததற்குக் காரணம் பிஷ்னோய் கிராமத்து மக்கள். மானுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் இருபது ஆண்டும் பின்வாங்கவில்லை. அவர்களுக்கு ரசிகர் மன்றம் கிடையாது.

சரி, நீங்கள் வைஸ்ராய் இல்லை. மன்னர் இல்லை. நடிகரும் இல்லை. அப்படியானால் கீழே இறங்கி வாருங்கள். உண்மையான சிக்கனம் இங்கேதான் இருக்கிறது.

பழைய பைக்கின் கிளட்ச் ஒயர். மெக்கானிக் கடை வாசலில் சும்மாவே கிடக்கும். அதில் சுருக்குப் போட்டு வேலிச் சந்தில் வைத்தால் முயல் மாட்டும், மான் மாட்டும், சில நாள் சிறுத்தையும் மாட்டும். இடுப்பில் ஒயர் இறுகிய சிறுத்தை திமிறத் திமிற ஒயர் உள்ளே போகும். வனத்துறை மயக்க ஊசியோடு டாக்டரைக் கூட்டி வருவதற்குள் அது பாதி அறுந்திருக்கும். ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்கும்.

அடுத்தது அவுட்டுக்காய். வெடிமருந்து உருண்டைக்கு மேலே விலங்கு விரும்பித் தின்னும் எதையாவது பூசிப் பன்றித் தடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். குறி பார்க்க வேண்டாம். கண் விழிக்க வேண்டாம். தைரியம் அறவே வேண்டாம். மனிதன் ஒரு விலங்கைக் கொல்லக் கண்டுபிடித்த வழிகளில் இதைவிடக் கேவலமானது இருந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

சத்தியமங்கலம் பக்கம், மலையடிவாரக் கிராமம் ஒன்றில், அவுட்டுக்காய் கடித்த பசு ஒன்றைப் பார்த்தேன். மேய்ச்சலில் கடித்துவிட்டது. கடித்த பின்னும் வழி மறக்காமல் வீட்டுக்கு நடந்தே வந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றது. கீழ்த்தாடை இருக்க வேண்டிய இடத்தில் தோல் தொங்கியது. குனியும், தண்ணீரைத் தொடும், உறிஞ்ச வாய் இல்லை, நிமிரும். மறுபடியும் குனியும். தொட்டித் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. ஈயை விரட்ட வாலை மட்டும் எப்போதும்போல வீசிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது முடித்திருந்தார். "அந்தப் பக்கம் கன்னுக்குட்டி கத்துதுங்க. இது பதிலுக்குக் கத்தோணும்னு பாக்குது. வாய் இருந்தாத்தானுங்களே கத்தும்" என்றார். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஊசியை எடுத்தார். அவுட்டுக்காய் வைத்தவனுக்கு அன்று பன்றி கிடைத்ததா என்று தெரியாது. வைத்தவன் யாரென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்க அவர்களுக்கு வாய் இருந்தது.

யானை கடித்தாலும் இதே கதைதான், நாள்தான் கூடும். வாய் சிதைந்த யானை தின்ன முடியாமல், எரிச்சல் தாங்காமல் ஆற்றுக்குள் இறங்கி நிற்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றில் அப்படி நின்றபடியே ஒரு யானை செத்தது. சினையானை. நாடே கொதித்தது. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த கிரிக்கெட் வீரர்கள், நடிகைகள், தொழிலதிபர்கள் எல்லாரும் கண்ணீர் வடித்தார்கள். வயிற்றுக்குள் குட்டி யானை இருப்பதுபோல் படம் வரைந்து பகிர்ந்தார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே மாதம் தார்ச்சாலையில் குழந்தையைச் சுமந்துகொண்டு ஊருக்கு நடந்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது சரக்கு, சிக்கனத்தின் சிகரம்: கரண்ட். விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். கம்பி ஒரு சுருள் வாங்கினால் போதும். ராத்திரி கொக்கி போட்டுவிட்டு விடிகாலையில் கழற்றிவிடலாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பயிரைக் காக்கக் கட்டிய கம்பியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் உயிர் பிழைத்துத் தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. கம்பி கட்டியவர் கைதானார். இதே கம்பியில் ராத்திரித் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரர் சாகிறார். கொக்கி கழற்ற மறந்து வரப்பில் கால் வைத்து, கம்பி கட்டினவரே சாகிறார். அந்தச் சாவுகள் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியோடு முடியும்.

இதையெல்லாம் வறுமை என்று சொல்லி மன்னித்துவிடச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வறுமை யாரிடமும் போய்ப் பசுவின் வாயில் வெடி வை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோபத்தோடு கடையைச் சாத்திவிட்டு, காட்டோரத்துச் சனங்கள் காட்டுமிராண்டிகள் என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களைக் கண்டால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களுக்காகக் கொஞ்சம் சட்டம் பேசுவோம்.

அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும் கடலைக்காடு. ராத்திரி பன்றி தனியாக வராது, குடும்பத்தோடு வரும். தாயும் குட்டிகளும் வரிசை மாறாமல் சால் சாலாகத் தோண்டிக்கொண்டே போகும். ஒரு ராத்திரியில் அரை ஏக்கர் புரண்டுவிடும். விவசாயி என்னவெல்லாம் செய்து பார்த்திருக்கிறார் என்பதை வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும். வேலி நெடுகப் பழைய சேலைகள். பழசு தீர்ந்த பிறகு அதிகம் பழசாகாதவை. அதில் ஜரிகை போட்ட ஒன்று கல்யாணச் சேலையாகத்தான் இருக்க வேண்டும். சலூனில் சாக்கில் அள்ளி வந்த முடியை வரப்போரம் தூவியிருக்கிறார், பன்றி மோந்து பார்த்தால் தும்மி ஓடுமென்று. தகர டப்பா, பேட்டரி லைட், தீபாவளியில் மிஞ்சிய பட்டாசு. இரண்டு நாள் பன்றி மிரண்டது. மூன்றாம் நாள் பட்டாசுச் சத்தம் கேட்டதும், ஆள் மேட்டில் இருக்கிறான், பள்ளத்தில் மேயலாம் என்று முடிவெடுத்தது.

இவருக்கும் அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு எல்லை பிரித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை வந்ததைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டி வந்ததை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து சுடுவார்கள். காட்டை ஒட்டி இருக்கிறவனுக்குத்தான் பன்றித் தொல்லை அதிகம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அவனுக்கு ஒன்றுமில்லை. நடுவில் இருக்கிறவன் வலை வரக் காத்திருக்க வேண்டும். கடைசியில் இருக்கிறவன் துப்பாக்கி வரக் காத்திருக்க வேண்டும். மனு எழுதி, குழு கூடி, ஆள் வந்து சேரும்வரை பன்றியும் கடலைக்காட்டிலேயே காத்திருக்க வேண்டும். பன்றி ஒத்துழைத்தால் இது நல்ல திட்டம்தான்.

முன்னோர் வழியில் வந்த பயிர்க்காப்புத் துப்பாக்கி உரிமம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வாக்கு எண்ணி முடிந்து திருப்பித் தரும்வரை, நடத்தை விதி தன்னைக் கட்டுப்படுத்தாது என்ற தெம்பில் பன்றி வீடு வீடாகப் பிரசாரம் செய்யும்.

பயிர் போனால் இழப்பீடு உண்டே என்பீர்கள். உண்டு. சிட்டா, அடங்கல், போட்டோ, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து, வனவர் பார்வை. சிட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவன் பெயர் சிட்டாவில் இல்லை. பன்றி மேய்ந்தது அவன் வியர்வையை. பணம் வருவது கோயம்புத்தூரில் பிளாட்டில் உட்கார்ந்திருக்கும் பட்டாதாரருக்கு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 39. வேட்டையாடப்பட்ட விலங்கும் செத்துக் கிடக்கும் விலங்கும் அரசின் சொத்து. உயிரோடு நின்று கடலையைத் தோண்டுகிற பன்றி யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், துறை வானத்தைப் பார்க்கும். அது செத்த கணத்தில் உரிமையாளர் ஜீப்பில் வந்து இறங்கிவிடுவார். சொத்து உயிரோடு இருக்கும்வரை பராமரிப்பு நம்முடையது, செத்தபின் உரிமை அவருடையது. இப்படி ஒரு பங்குதாரர் கிடைத்தால் எந்த வியாபாரமும் உருப்படும்.

பக்கத்துக் கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். சுடலாம். தின்னக் கூடாது. குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பயிரைப் பன்றி தின்னலாம், பன்றியை மண் தின்னலாம், நடுவில் நிற்கும் மனிதன் மட்டும் வாயை மூடிக்கொண்டு குழி வெட்ட வேண்டும். கறி தின்னலாம் என்று விட்டால் வேட்டை தொழிலாகிவிடும், நாளைக்கு மானையும் பன்றிக் கணக்கில் எழுதுவான் என்கிறார்கள். அந்த பயம் நியாயமானது. கோடாரியும் ஈரக்குலையுமாக நம் ஆட்கள் எப்படிப் பாய்வார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்கிறவர்கள் ஒரு ராத்திரி கடலைக்காட்டில் படுத்துவிட்டு வந்து சொன்னால் கேட்க நன்றாக இருக்கும்.

வேட்டையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். நரிக்குறவர்கள். கௌதாரியும் காடையும் கொக்கும் முயலும் அவர்கள் கையால் ஊருக்குள் வந்தன. வாங்கித் தின்றவர்கள் உயர்ந்த வீட்டுக்காரர்கள், திண்ணைக்கு வெளியே நிற்க வைத்துத்தான் வாங்கினார்கள். 1972இல் சட்டம் வந்தது. ஒரே கையெழுத்தில் ஒரு சமூகத்தின் அடுப்பு அணைந்தது. அடுப்பை அணைத்தவர்கள் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க 2023 ஜனவரி வரை எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டு. தடுக்க ஒரு நாள், கொடுக்க அரை நூற்றாண்டு. நடுவில் பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி, பாசிமணி விற்றார்கள். ஊரில் எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் அவர்கள் கூடாரத்தில்தான் லத்தி நுழைந்தது. அவர்கள் பறவைகளைத் தீர்த்துக்கட்டினார்கள் என்று சொல்கிறவர் பரத்பூர் கல்லை இன்னொரு முறை படிக்கவும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டோடு வாழ்ந்தவர்களுக்குத் தேன், விறகு, மீன், மேய்ச்சல் என்று பல உரிமைகளை ஏற்றுக்கொண்டது. பழைய அநீதியைத் திருத்துவதாக முகப்பிலேயே சொல்லிக்கொண்டது. வேட்டை உரிமை மட்டும் கிடையாது என்று தெளிவாக எழுதி வைத்தது. காட்டில் விலங்கு குறைந்துவிட்ட காலத்தில் அதை நான் குறை சொல்ல மாட்டேன். குறைத்தது யார், தண்டனை யாருக்கு என்பது மட்டும் உறுத்துகிறது.

ஒரு இடத்தில் நம் அரசு மூளையைப் பயன்படுத்தியது. அதையும் சொல்லிவிட வேண்டும், அடிக்கடி நடப்பதில்லை. பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டு இருளர்கள் நடுத்தெருவில் நின்றபோது, 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு திருப்பி விடுகிறார்கள். நாட்டில் பாம்பு கடித்தவனுக்கு ஏற்றும் மருந்துக்குப் பெருமளவு விஷம் இவர்கள் கையிலிருந்து போகிறது. 2023இல் இருளர் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், பத்மஸ்ரீ வாங்கினார்கள். வேட்டைக்காரனின் கண்ணையும் கையையும் அழிக்காமலே விலங்கையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. முடியும் என்று தெரிந்தபின் எத்தனை இடத்தில் செய்தோம்? விரலை மடக்க ஆரம்பித்தால் முதல் விரலிலேயே நின்றுவிடும்.

மற்றபடி ஏழைக்குச் சட்டபூர்வமாக மிஞ்சியிருக்கும் வேட்டை ஒன்று உண்டு. வயல் எலி. எந்த அட்டவணையிலும் அது இல்லை, எந்தச் சங்கமும் அதற்காக அழாது. வளையை வெட்டி, புகை போட்டு, எலியையும் எடுக்கலாம், அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுக்கலாம். கறியும் சோறும் ஒரே குழியில். சுதந்திர இந்தியா தன் கடைசிக் குடிமகனுக்கு ஒதுக்கிய வேட்டைக்காடு அந்த வளைதான்.

இனி நீங்கள். இவ்வளவு நேரம் எனக்கென்ன என்று படித்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா, வெள்ளைச் சட்டை, பெரிய வண்டி, மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீடு, உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரையே. பட்ஜெட் கொஞ்சம் இறுக்கம் என்றும் சொன்னீர்கள். கவலை வேண்டாம். இருப்பதிலேயே சிக்கனமான வேட்டை உங்களுடையது. சுருக்கு வைக்க வேண்டாம். அவுட்டுக்காயைத் தொடவே வேண்டாம், விரல் போய்விடும். ஒரு போன் நம்பர் போதும். "அண்ணே, சனிக்கிழமை பசங்க வராங்க, காட்டுக்கறி கெடைக்குமா?" அவ்வளவுதான். அந்தக் கேள்விதான் தோட்டா. அதற்கு லைசென்ஸ் கிடையாது, சத்தம் கிடையாது, கையில் மருந்து வாடை கிடையாது.

அதன்பின் நடப்பது எதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சுருக்கு பார்க்கப் போகிறவன் யானைக்குப் பயப்படுவான், ஜீப்புக்குப் பயப்படுவான், மற்றவன் கட்டிய கரண்ட் கம்பிக்குப் பயப்படுவான். கிடைத்ததைக் காட்டிலேயே உரித்துச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து, மேலே புல்லுக்கட்டு போட்டு விடிவதற்குள் ஊருக்குள் வருவான். நடுவில் இருக்கும் ஆள் ஒரு விலை சொல்வார். கொண்டுவந்தவன் கையில் அதில் கொஞ்சம், ஈரலும் தலையும் கொஞ்சம். பண்ணை வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த தட்டு வரும்போது நீங்கள் கேட்பது, மானா பன்றியா என்பது மட்டும். பிராய்லர் உடம்புக்கு ஆகாது, ஹார்மோன் போடுகிறான், இதுதான் சுத்தம் என்பீர்கள். அந்தக் கறியில் சிதறிய பல்லும் கிளட்ச் ஒயர்த் துணுக்கும் கிடந்தாலும் சுத்தம்தான். வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிய 'புலியைக் காப்போம்' ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாட்டினால்? நீங்கள் மாட்ட மாட்டீர்கள். ஏதோ கிரகச்சாரம், மாட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். சில குற்றங்களுக்கு நீதிமன்றம் போகாமல் இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் அதன் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக்கியது. கடுமையான சட்டம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். கடுமைதான். ஐந்து லட்சம் என்பது உங்களுக்கு வண்டியின் டவுன் பேமெண்ட். சுருக்கு வைத்தவனுக்கு ஐந்து லட்சத்தில் எத்தனை சைபர் என்று யோசிக்கவே நேரமாகும். கட்ட முடிந்தவன் இணங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். முடியாதவன் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறுவான். போகும் நாளெல்லாம் கூலி போகும். முன்பே சொன்னேன், படி இறங்க இறங்க விலை ஏறும் என்று.

இந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டு போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பழைய ஷிகார் போட்டோ. நடுவில் செத்த புலி. பின்னால் தொப்பியோடு நிமிர்ந்து நிற்கும் துரையும் மன்னரும். ஓரத்தில் அரையில் துணியோடு குத்தவைத்திருக்கும் காட்டுவாசிகள், புலியை விரட்டிக் கொடுத்தவர்கள். மற்றது இந்த வாரப் பத்திரிகையில் வந்த போட்டோ. நடுவில் செத்த முயல்கள், ஒரு நாட்டுத் துப்பாக்கி, டார்ச் லைட். பின்னால் தொப்பியோடு நிமிர்ந்து நிற்கும் காக்கிச் சட்டைகள். முன்னால் குத்தவைத்து, முகத்தைத் தொங்கப்போட்டு, அதே ஆட்களின் பேரன்கள். நூறு ஆண்டில் இடம்கூட மாறி உட்காரவில்லை. கறி தின்றவன் இரண்டு போட்டோவிலும் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. பழைய போட்டோவில் அவன் நடுநாயகமாக நின்றான். இப்போது விவரமாகிவிட்டான், படம் எடுக்கும்போது நகர்ந்துவிடுகிறான்.

அந்தப் போட்டோ உங்கள் குடியிருப்போர் சங்க வாட்சப் குழுவுக்கும் வரும். நீங்களும் பார்ப்பீர்கள். மூன்றாவது முகம் எங்கோ பார்த்த மாதிரி இருக்கும், போன மாதம் பின்வாசலில் சாக்கை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டவன். "இவங்களையெல்லாம் வெளியவே விடக் கூடாது சார், பாவம் வாயில்லா ஜீவன்" என்று தட்டி, கைகூப்பும் பொம்மை இரண்டு சேர்த்து அனுப்புவீர்கள். பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்துவார்கள். அதன்பிறகு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய நம்பரைக் கூப்பிடுவீர்கள். "அண்ணே, இவனுங்க மாட்டிட்டானுங்க போலிருக்கே. சரி விடுங்க. சனிக்கிழமைக்கு வேற ஆள் யாராவது இருக்காங்களா?"